அக்கா இந்தியர், தம்பி அகதி: ஒரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ் வரலாறு

1/
வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற நான் இன்னைக்கு வரலாறு எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க. இதுல வர்ற குடும்பத்தோட அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். சட்டமும் தேதிகளும் அப்படியே உள்ளவை.

2/
போன மாசம் தில்லை நகர்ல எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு அண்ணன் வந்தார். வாசல்ல என் பேருக்குப் பின்னாடி எம்.பி.பி.எஸ்.னு இருந்த பலகையைக் கழட்டி வெச்சுட்டு, சாயங்காலம் திரும்ப மாட்டும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், எம் பொண்ணு ப்ளஸ் ஒன் பயாலஜி குரூப். நல்லாப் படிக்குது. நீட் எழுதுனா அதுக்கு கவர்மென்ட் சீட்டு கிடைக்குமா?"

3/
"கவர்மென்ட் ஸ்கூல்தானே? 2020ல இருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கே, தாராளமா முயற்சி பண்ணலாம்"னு சொன்னேன். அவர் சிரிச்சார். "நாங்க கொட்டப்பட்டு கேம்ப் மேடம்."

எனக்கு பதில் வரலை. ஏன்னா, மாநில ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடத்துக்கு விண்ணப்பத்துல முதல் கட்டத்துலயே ஒரு கேள்வி நிக்கும்: இந்தியக் குடிமகனா?

4/
கொட்டப்பட்டு எங்கேன்னு திருச்சிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஏர்போர்ட் பக்கம். துவாக்குடி பக்கம் இன்னொரு முகாம் இருக்கு, ஊர் பேரு வாழவந்தான்கோட்டை. தமிழ்நாடு முழுக்க நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள்ல சுமார் 58 ஆயிரம் பேர் இருக்காங்க. 2021 ஆகஸ்ட்ல "அகதிகள் முகாம்"ங்கிற பேரை எடுத்துட்டு "மறுவாழ்வு முகாம்"னு அரசு மாத்துச்சு. புது வீடுகளும் கட்டித் தருது. அரிசி, பணக்கொடை, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. குடியுரிமை மட்டும் மாநில அரசு கையில இல்லை.

5/
அந்தப் பொண்ணு பிறந்தது 2008ல, இதே திருச்சியில. அவங்க அப்பா, அதாவது பெயிண்டர் அண்ணன், பிறந்தது 1988ல மண்டபம் முகாம்ல. அவரும் இந்த மண்ணுலதான் பிறந்தார். அப்புறம் எப்படி இந்தியர் இல்லை?

இங்க நிறுத்தி அவர் ஒரு விஷயம் சொன்னார். "எங்க அக்கா 86ல பொறந்துச்சு மேடம், அதே மண்டபத்துல. அது இந்தியன்னு வக்கீல் சொல்றாரு. நான் இல்லையாம்."

வக்கீல் சொன்னது சரி. ஏன்னு பார்ப்போம். அதுக்கு நூத்தம்பது வருஷம் பின்னாடி போகணும்.

6/
இலங்கை மலைகள்ல 1820கள்ல காபித் தோட்டம் போட ஆரம்பிச்சாங்க. காபியை நோய் அடிச்ச பிறகு தேயிலை. மலையைத் திருத்தி, கொழுந்து பறிக்க ஆள் வேணும். ஆள் போனது எங்கிருந்து? நம்ம திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர் பக்கத்துல இருந்து. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சிக்கு வழியில்லாமப் போனவங்க எத்தனையோ பேர். கூட்டிட்டுப் போனவர் பேரு கங்காணி. பெரும்பாலும் அதே ஊர், அதே சாதி, தெரிஞ்ச முகம்.

7/
போகும்போதே கடன். வழிச்செலவு, முன்பணம் எல்லாம் தொழிலாளி தலையில. தோட்டம் மாறணும்னா "இவன் பாக்கி இவ்வளவு, கட்டுறவர் எடுத்துக்கலாம்"னு எழுதின சீட்டு வேணும். அதுக்குப் பேரு துண்டு. 1921ல அதை ஒழிச்சாங்க. 1901 வாக்குல தகரத் தகடு முறையும் வந்தது: தோட்டத்தைக் குறிக்கிற எழுத்தும் எண்ணும் அடிச்ச சின்னத் தகடு, ஆளுக்கு ஒண்ணு. எந்தத் தோட்டத்துக்குப் போற சரக்குன்னு தெரியணுமே.

கவனிங்க, அந்த மக்களுக்குக் கிடைச்ச முதல் அடையாள அட்டையில அவங்க பேர் இல்லை.

8/
இதுல என் துறையும் வருது. காலராவும் அம்மையும் கப்பலேறி வந்துடும்னு இலங்கை அரசுக்குப் பயம். அதனால இந்தியக் கரையிலேயே, மண்டபத்துல, ஒரு தனிமைப்படுத்தும் முகாமை நடத்துச்சு. அதுக்கு முன்னாடி தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறை. தோட்டத்துக்குப் போறவங்க அங்க சில நாள் தங்கணும். அம்மை ஊசி, உடம்புப் பரிசோதனை, துணிமணிக்குக் கிருமிநீக்கம் முடிஞ்சாத்தான் கடல் தாண்ட முடியும்.

அந்த முகாம்ல மருத்துவர்கள் பக்கம் பக்கமா எழுதியிருப்பாங்க. ஆனா நோய்க்காக எழுதினாங்க. இந்த மனுஷன் யார், யார் மகன்னு பின்னாடி ஒருத்தர் நிரூபிக்க வேண்டி வரும்னு அன்னைக்கு யாரும் நினைக்கலை.

9/
பெயிண்டர் அண்ணனோட அம்மா எங்க ஆஸ்பத்திரிக்கு பிரஷர் மாத்திரை வாங்க வருவாங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுது. அறுபத்தஞ்சு வயசு. ஓ.பி. ஓய்ஞ்ச ஒரு மத்தியானம் அவங்களே சொன்னாங்க:

"எங்க தாத்தா முசிறிப் பக்கம் டாக்டரம்மா. அப்பாவ கைப்புள்ளையாத் தூக்கிட்டுப் போனாங்களாம். நான் பொறந்தது அட்டன் பக்கம் தோட்டத்து லயத்துல. எங்கள அங்க கள்ளத்தோணின்னுவாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க."

முசிறியில இருந்து கொட்டப்பட்டு எவ்வளவு தூரம்? பஸ்ல ரெண்டு மணி நேரம் கூட ஆகாது.

10/
1948 பிப்ரவரியில இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம், எண் 18. நீ இங்க பிறந்தா மட்டும் போதாது, உன் அப்பாவும் இங்க பிறந்திருக்கணும், இல்லைன்னா அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்கணும், அதை நிரூபிக்கணும். லயத்துல பிறந்த குழந்தைக்கு யார் பதிவு பண்ணினா? இருந்த சீட்டு துண்டும் தகடும்தான். ஏழு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் ஒரே சட்டத்துல நாடற்றவர்கள் ஆனாங்க. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு.

11/
1949ல இன்னொரு சட்டம் வந்து விண்ணப்பிக்கச் சொன்னாங்க. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்காக மனு போட்டாங்க. கிடைச்சது சுமார் 1,34,000 பேருக்கு. பாட்டியோட அப்பா முசிறியில பிறந்தவர், அவர் மனுவும் நிராகரிப்பு.

இந்தியா என்ன சொல்லுச்சு? அவங்க இலங்கையிலேயே வாழ்ந்தவங்க, தானா இந்தியர் ஆகிட மாட்டாங்கன்னு நேரு அரசு சொல்லுச்சு. அதுலயும் நியாயம் இருந்துச்சு. ஆனா ரெண்டு நியாயத்துக்கும் நடுவுல லயத்துல குடும்பங்கள் இருந்துச்சே.

12/
எங்க ஏரியாவுல சாஸ்திரி ரோடு இருக்கு. அந்தப் போர்டைப் பார்க்கும்போது எனக்கு லால் பகதூர் சாஸ்திரி போட்ட ஒரு கையெழுத்துதான் ஞாபகம் வரும். 1964 அக்டோபர் 30, சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர்னு கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். 1974ல சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தை 75,000, 75,000னு பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. பிரிக்கப்பட்டவங்களை யாரும் உட்கார வெச்சுக் கேட்கலை.

13/
ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசம் ஆகலை, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிச்சுது. சென்னையில இருந்து நம்ம திருச்சி வழியா தனுஷ்கோடி போய், கப்பல் மாறி தலைமன்னார் சேர்ந்த அந்தப் பழைய பாதை அதோட முடிஞ்சுது. பிறகு வந்தவங்க தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல்ல வந்தாங்க. நாலு லட்சத்துக்கும் மேல. இறங்கினதும் மண்டபம் முகாம், தாத்தா ஊசி போட்டுக்கிட்டுப் போன அதே மண்டபம். இந்த முறை பேரு "தாயகம் திரும்பியோர்". அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்துச்சு, நாம டேன்டீன்னு சொல்றோமே, அது.

14/
பாட்டியோட பெரியண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1970கள்ல கூடலூர் வந்தார். அவர் பிள்ளைகள் இந்தியர்கள். பேரன் ஒருத்தன் கோயம்புத்தூர்ல இன்ஜினியர்.

பாட்டி இலங்கைன்னு எழுதிக் கொடுத்த வீட்டுக்கு வாக்கப்பட்டாங்க. "பொறந்த மண்ண விட்டுட்டு எங்க போறதுன்னு மாமியா சொல்லிடுச்சு டாக்டரம்மா." 1977 கலவரத்துல தோட்டத்துல அடி. தமிழ் ஊர்லயாவது இருப்போம்னு வவுனியா போனாங்க. மலையகத்துல இருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். 1983 ஜூலை. அங்கேயும் இருக்க முடியலை. அடுத்த வருஷம் மன்னார்ல படகு ஏறினாங்க.

அண்ணன் ஒப்பந்தத்துல கப்பல்ல வந்தார், குடிமகன். தங்கச்சி உயிருக்குப் பயந்து படகுல வந்தாங்க, அகதி. ரெண்டு பேருக்கும் தாத்தா ஒரே முசிறிக்காரர்.

15/
இப்போ இந்தியச் சட்டத்துக்கு வருவோம். இந்தப் பகுதியை மெதுவாப் படிங்க, உங்களுக்கும் இது பொருந்தும்.

குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3. 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூன் 30 வரைக்கும் இந்தியாவுல பிறந்த யாரும் பிறப்பால இந்தியர். அப்பா அம்மா எந்த நாடுன்னு கேள்வியே இல்லை. வெளிநாட்டுத் தூதர் வீட்டுக் குழந்தை மாதிரி ரெண்டொரு விதிவிலக்கு மட்டும்தான். பிறந்த மண்ணை வெச்சுக் குடியுரிமை கொடுக்கிறதுதான் நாகரிகமான நாட்டுக்கு அழகுங்கிற கருத்தை அரசியல் நிர்ணய சபையிலேயே வல்லபபாய் படேல் பேசியிருக்கார்.

16/
அப்புறம் அசாம் போராட்டம், 1985 ஒப்பந்தம், இந்தப் பக்கம் ராமேஸ்வரத்துல படகு படகா மக்கள். 1986ல சட்டத்தைத் திருத்தினாங்க. அந்த மசோதாவோட நோக்க உரையிலேயே வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகள்ல இருந்து வர்றவங்களைக் குறிப்பிட்டிருந்தாங்க. 1987 ஜூலை 1 முதல், பெற்றோர்ல ஒருத்தராவது இந்தியரா இருந்தாத்தான் குழந்தை இந்தியர்.

அக்கா 1986. தம்பி 1988. ஒரே அம்மா, ஒரே முகாம். நடுவுல ஒரு ராத்திரி.

17/
பிரசவ வார்டுல நைட் டூட்டி பார்த்த யாருக்கும் இந்த வலி புரியும். குழந்தை வந்ததும் நாங்க கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவோம். அழுததா, நிறம் எப்படி, நாடித்துடிப்பு எவ்வளவுன்னு ஒண்ணாவது நிமிஷமும் அஞ்சாவது நிமிஷமும் மார்க் போடுவோம். 1987 ஜூன் 30 ராத்திரி 11.50க்கு ஒண்ணும் 12.10க்கு ஒண்ணுமா ரெண்டு முகாம் குழந்தைகள் பிறந்திருந்தா? ரெண்டுக்கும் பத்துக்கு ஒன்பது மார்க்தான் போட்டிருப்போம். அந்த இருபது நிமிஷம் என்ன பண்ணும்னு கேஸ் ஷீட்டுல எழுத இடம் கிடையாது.

18/
மூணாவது கதவு 2004 டிசம்பர் 3. அன்னைக்கு அமலுக்கு வந்த திருத்தப்படி, பெற்றோர் ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும். இல்லைன்னா ஒருத்தர் இந்தியரா இருந்து, மத்தவர் "சட்டவிரோதக் குடியேறி"யா இருக்கக்கூடாது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாம நாட்டுக்குள்ள வந்தவர்னா சட்டவிரோதக் குடியேறி. குண்டுக்குத் தப்பிப் படகு ஏறினவங்க எந்த ஆபீஸ்ல பாஸ்போர்ட் வாங்குவாங்க? அந்த முத்திரை இருந்தா எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் விண்ணப்பிச்சுக் குடியுரிமை வாங்குற வழியும் அடைச்சுடும்.

அதனால அக்கா இந்தியரா இருந்தும், அவங்க பையன் 2009ல பிறந்ததால, அப்பா படகுல வந்தவர்ங்கிறதால, அவன் இந்தியன் இல்லை. ஒரே வீட்டுக்குள்ள இப்படி.

19/
2019 குடியுரிமைத் திருத்தம் வந்துச்சே, அதுல? ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான். இலங்கை இல்லை. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையிலயும் இந்தியா கையெழுத்துப் போடலை. 2025 செப்டம்பர்ல ஒரு ஆணை: 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்கள் மேல, பாஸ்போர்ட் இல்லைங்கிறதுக்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. பெரிய ஆறுதல்தான். ஆனா ஜெயிலுக்குப் போக மாட்டோம்ங்கிறது வேற, இது நம்ம நாடுங்கிறது வேற.

20/
உலகத்துல இது நமக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை. பிறந்த மண் குடியுரிமையை பிரிட்டன் 1983லயும், அயர்லாந்து 2004 வாக்கெடுப்புக்குப் பிறகும் சுருக்கிச்சு. ரத்த வழி பார்த்த ஜெர்மனி நேர் எதிரா 2000ல கதவைக் கொஞ்சம் திறந்துச்சு. அமெரிக்கா 1868ல எழுதின விதியை இன்னைக்கும் சண்டை போட்டுக்கிட்டே வெச்சிருக்கு.

இலங்கையே என்ன பண்ணுச்சு தெரியுமா? 2003ல நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, 1964 அக்டோபர் 30ல இருந்து அங்கேயே வாழ்ற இந்திய வம்சாவளியினருக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்துடுச்சு. 55 வருஷப் பிரச்சினையைத் தீர்க்க ஒரு சட்டம் போதுமா இருந்துச்சு. அப்போ பாட்டி கொட்டப்பட்டுல இருந்தாங்க.

21/
"அப்ப இலங்கைக்கே போகலாமே?"ன்னு கேட்கப் போறீங்க. நியாயமான கேள்வி. சென்னைத் துணைத் தூதரகத்துல பதிவு பண்ணிப் போனவங்க இருக்காங்க. வவுனியாவுலயோ யாழ்ப்பாணத்துலயோ காணி இருக்கிறவங்க சிலர் போக ஆசைப்படுறாங்க, அது அவங்க உரிமை. இந்தக் குடும்பத்துக்கு அங்க என்ன இருக்கு? லயத்து அறையா? பெயிண்டர் அண்ணன் இலங்கையைப் பார்த்ததே இல்லை. அவர் பொண்ணு பேசுறது நம்ம திருச்சித் தமிழ். அதுக்குத் தெரிஞ்ச மலை, மலைக்கோட்டை ஒண்ணுதான்.

22/
நம்பிக்கை தர்ற சேதியும் இருக்கு. 2019 ஜூன்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்ல இருக்கிற இந்த இந்திய வம்சாவளியினரோட மனுக்களைப் பரிசீலிக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2022ல இன்னொரு வழக்கு: 1986ல மண்டபத்துல பிறந்து கொட்டப்பட்டு முகாம்ல வாழ்ற ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டாங்க, மறுத்துட்டாங்க. பிரிவு 3 படி அவங்க பிறப்பால இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கன்னு அதே மதுரைக் கிளை சொல்லுச்சு. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். 38 வயசுல அவங்க முதல் ஓட்டைத் திருச்சி தொகுதியில போட்டாங்க. முகாம்ல இருந்து போன முதல் ஓட்டுன்னு பத்திரிகைகள் எழுதுச்சு.

23/
அந்த வழக்குல ஜெயிச்சுக் கொடுத்தது எது? ஒரு பிறப்புச் சான்றிதழ். யாரோ ஒரு டாக்டரோ நர்ஸோ 1986ல ஒழுங்கா எழுதி வெச்ச ஒரு வரி. இதைப் படிச்சதுல இருந்து பிரசவ ரெஜிஸ்டர்ல என் கையெழுத்து கொஞ்சம் தெளிவாகியிருக்கு.

24/
ஆகவே ஒரு டாக்டரா என் ப்ரிஸ்கிரிப்ஷன்:

முகாம்ல இருக்கிற சொந்தங்களே, 1987 ஜூன் 30 வரைக்கும் இந்தியாவுல பிறந்தவங்க உங்க வீட்டுல யார் யார்னு எண்ணுங்க. பிறப்புச் சான்றிதழை எடுங்க. லேமினேட் பண்ணாம ரெண்டு மூணு நகல் வெச்சுக்கங்க. பதிவே இல்லைன்னா பிறந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டைக் கேளுங்க. ஒரு வருஷத்துக்கு மேல விட்டுப்போன பதிவுன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியா உத்தரவு வாங்கிப் பண்ணலாம். பிறகு இலவச சட்ட உதவி மையம்.

கர்ப்பிணிகள் பிக்மி நம்பர் வாங்கிடுங்க. பிறந்த குழந்தையை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணுங்க, பேரோட. இன்னைக்கு எதுக்கு உதவும்னு தெரியாம இருக்கலாம். 1986ல அந்த அம்மாவுக்கும் தெரியாது.

25/
மத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க பிள்ளை கிளாஸ்ல கேம்ப் பிள்ளை இருந்தா "சிலோன்"னு பட்டப்பேர் வைக்க விடாதீங்க. அந்தப் பாட்டி அங்கே ஒரு பட்டப்பேரு, இங்கே ஒரு பட்டப்பேருன்னு வாழ்க்கையை ஓட்டிட்டாங்க. மூணாம் தலைமுறைக்கு வேண்டாம்.

26/
பெயிண்டர் அண்ணனுக்கு நான் சொன்ன பதிலோட முடிச்சுக்கறேன். பொய் சொல்ல மனசு வரலை. "நீட் எழுதத் தடையில்லைண்ணே. ஆனா இன்னைக்குச் சட்டப்படி கவர்மென்ட் எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைக்காது. இன்ஜினியரிங்கும் மத்த காலேஜும் கிடைக்கும், அரசு உதவியும் உண்டு. படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, சட்டம் மாறலாம்."

அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டே, "அத நானே சொல்லிக்கிறேன் மேடம். நீங்க சொன்னா அது அழுதுடும்"னார்.

அக்காவோட பாஸ்போர்ட் மனு போயிருக்கு. பொண்ணு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து என் பழைய பயாலஜி புத்தகத்தை வாங்கிட்டுப் போச்சு. நான் இன்னும் அதுகிட்ட எதுவும் சொல்லலை.

தெரிஞ்ச நாலு பேருக்கு அனுப்புங்க, முக்கியமா 24ஆவது பதிவை.
– ஓர் அரசு மருத்துவர், திருச்சி